இடுப்புக்கூட்டுக்குள் ஒண்டுக்குடித்தனம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பக்கம் போகிற பாதையில் இருக்கிறது பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்கா. ஷிப்ட் மாறும் வேளைகளில் இந்த வட்டாரத்துச் சாலைகளைக் கம்பெனி பேருந்துகள் அடைத்துக்கொள்ளும். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கத்து இளம்பெண்கள் ஏராளமானோர் அவற்றில் வந்து இறங்குகிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அருகிலுள்ள வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதி 18,720 பேர் தங்குவதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து இந்தக் கூட்டத்தின் அளவை ஊகிக்கலாம். இத்தனை பெண்கள் உழைக்கும் இடத்தில் அவர்களுடைய அடிவயிறு பற்றிய பேச்சு எழும் தருணங்கள் இரண்டுதான்: வேலைக்கு எடுக்கும்போது 'கல்யாணம் ஆயிற்றா, குழந்தை உண்டா' என்ற கேள்வியாக ஒன்று, வலி தாங்காமல் லைனிலேயே சுருண்டுவிட்டால் ஒன்று. கருப்பை குடும்பத்தின் சொத்து, ஆலைக்கு அதனுடன் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. உடற்கூற்றியலைக் கவனமாகப் படித்தால் இந்த எண்ணம் நிற்காது. பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் அமைந்திருக்கும் விதத்தில், குடிநீர், கழிப்பறை, நாற்காலி, மாத்திரை பற்றி ஆலை எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அவற்றைத் தொட்டே தீரும். ஆகவே இடுப்புக்கூட்டின் அமைப்பு மகப்பேறு மருத்துவமனைச் சுவரில் தொங்கும் படமாக மட்டும் இருந்தால் போதாது. தீயணைப்பும் இயந்திரத் தடுப்பும் போல, அது தொழிற்பாதுகாப்பின் பாடமாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமைப்பிலிருந்து தொடங்கலாம். பின்னால் திரிகமும் வால் எலும்பும், இரு பக்கமும் முன்பக்கமும் இடுப்பெலும்புகள். இவை சேர்ந்து அடியில்லாத கிண்ணம்போல ஒரு கூட்டை உண்டாக்குகின்றன. இந்தக் கூட்டின் கீழறை மிகச் சிறியது. அதற்குள் மூன்று குடித்தனங்கள்: முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் கருப்பை. பிள்ளை பெறாத பெண்ணின் கருப்பை ஏறத்தாழ 7.5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம், கவிழ்த்துப் பிடித்த சிறு பேரிக்காய் அளவு. பெரும்பாலான பெண்களுக்கு அது நிமிர்ந்து நிற்பதில்லை. முன்னோக்கிச் சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் படுத்திருக்கும். ஐந்தில் ஒருவருக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கலாம்; அதுவும் இயல்பே, நோயில்லை. சிறுநீர்ப்பை நிரம்பினால் கருப்பை பின்னே தள்ளப்படும், காலியானால் திரும்பி வந்து படுக்கும். கருப்பையின் மேல் மூலைகளிலிருந்து இரு பக்கமும் 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ள கருக்குழாய்கள் கைகளைப்போல நீள்கின்றன. 1561இல் இவற்றை விரிவாக எழுதிய இத்தாலிய உடற்கூற்றாளர் கபிரியேலே ஃபலோப்பியோவின் பெயரே மருத்துவத்தில் இவற்றுக்கு நிலைத்தது. அவற்றின் விரல் போன்ற நுனிகள் சினைப்பைகளைத் தழுவினாற்போல இருக்குமே தவிர, அவற்றோடு ஒட்டியிருப்பதில்லை; வயிற்றறைக்குள் திறந்தே கிடக்கும். யோனி, கருப்பைவாய், கருப்பை, கருக்குழாய் என்று வெளியுலகிலிருந்து வயிற்றறைவரை ஒரே வழி பெண்ணுடலில் உண்டு. ஆணுடலில் இப்படியொரு திறப்பு கிடையாது. கருப்பைவாயின் சளி இந்த வழிக்கு வாயிற்காவல். அந்தக் காவலை மீறித் தொற்று மேலேறினால் குழாய்கள் தழும்பேறி அடைபடலாம். ஒருவர் வீட்டில் நடப்பது அடுத்த வீட்டைத் தொடாமல் போகாத ஒண்டுக்குடித்தனம் இது.

இக்கூட்டுக்கு அடி இல்லை என்றேன். எலும்பாலான அடிதான் இல்லை. அந்தத் திறப்பை ஊஞ்சல் துணிபோல விரிந்த தசைகள் மூடியிருக்கின்றன. கருப்பைவாயின் பக்கங்களிலிருந்தும் பின்னாலிருந்தும் கிளம்பும் இணைப்புத் திசுக்கள் கருப்பையை மேலிருந்து பிடித்துக்கொள்ள, கீழிருந்து இந்தத் தசைகள் தாங்குகின்றன. இருமல், தும்மல், பளு தூக்கல் என எதுவானாலும் வயிற்றின் அழுத்தம் கடைசியில் இந்தத் துணியின் மேல்தான் இறங்குகிறது. பிரசவத்தில் தசை கிழிந்தோ தளர்ந்தோ போனால் பாரம் முழுவதும் மேலிருக்கும் பிடிமானங்களுக்கு மாறும், அவை நாளடைவில் நீளும், கருப்பை இறங்கும். தமிழகக் கிராமங்களில் இதை 'அடி தள்ளிப்போச்சு' என்பார்கள். இந்தத் தொழிற்பட்டைக்குப் பக்கத்திலேயே செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981 முதல் இயங்கும் கிராமப்புறப் பெண்கள் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, அடி தள்ளிய நிலையிலும் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களின் அனுபவத்தைப் பதிவு செய்தது. டென்மார்க்கில் 1994இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளைத் தூக்கி இறக்கும் உதவிச் செவிலியர்கள் கருப்பை இறக்கத்துக்காக அறுவை செய்துகொள்ளும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட 1.6 மடங்கு அதிகம் எனத் தெரிந்தது. இங்கே ஒரு வரம்பை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளை பெறாத இருபது வயதுப் பெண் எட்டு மணி நேரம் நின்றால் கருப்பை இறங்கிவிடும் என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. அப்படிப் பயமுறுத்துவது மோசடி. ஆனால் பேறுகால விடுப்பு முடிந்து திரும்பி வரும் தாயை முதல் வாரமே பளு தூக்கும் இடத்தில் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு உடற்கூறு தெளிவாகப் பதில் சொல்கிறது. நின்று வேலை பார்ப்பவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொல்லிவிட்டது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021இல் தனியாகச் சட்டமாக்கியது. இருக்கைக்குச் சட்டம் எப்போதோ வந்துவிட்டது; அதை ஏன் போட வேண்டும் என்ற உடலறிவு ஆலைத் தளத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்து வலி. கருப்பைச் சுவரின் பெரும்பகுதி தசை. மாதவிலக்கின்போது உட்படலம் உதிர, புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் சுரந்து அந்தத் தசையை இறுக்குகிறது. இறுக்கம் கூடும்போது தசைக்குள் போகும் ரத்தம் குறைகிறது. ஆக்சிஜன் கிடைக்காத தசை வலிக்கிறது. கருப்பை உடலின் வலிச்செய்தி முதுகுத்தண்டின் கீழ் மார்புப் பகுதியையும் மேல் இடுப்புப் பகுதியையும் சேர்ந்த நரம்புகள் வழியாக மேலேறுவதால், அடிவயிற்றில் தோன்றும் வலி இடுப்புக்கும் தொடைக்கும் பரவியதுபோலத் தெரியும். 'இடுப்பு வலி' என்று ஒரு பெண் சொன்னால் அது நின்றதால் வந்த முதுகுவலியாகவும் இருக்கலாம், கருப்பை வலியாகவும் இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். கருப்பை உட்படலத்தை ஒத்த திசு வெளியே சினைப்பையிலோ, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலோ வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயாகவும் இருக்கலாம். உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு அது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலருக்கு அது கண்டுபிடிக்கப்படவே ஆண்டுகள் ஆகின்றன. இப்படி நான்கு வாசல் உள்ள வலிக்கு ஆலை தரும் விடை பெரும்பாலும் ஒரே மாத்திரை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் துறையில் வேலை செய்த சுமார் நூறு பெண்களிடம் பேசி, மாதவிலக்கு வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தரப்பட்டதாக 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தி வெளியிட்டது. மாத்திரையே தப்பு என்பது என் கட்சி அல்ல. புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தடுக்கும் ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவை உரிய நேரத்தில், உணவுக்குப் பின், உரிய அளவில் எடுத்தால் நன்றாகவே வேலை செய்யும். பெயர் தெரியாத மாத்திரையை எழுதித் தராமல் கையில் வைப்பதுதான் தப்பு. அது வலியோடு அதன் காரணத்தையும் அமுக்கிவிடுகிறது. லைன் ஓடுகிறது, நோய் கண்டுபிடிக்கப்படாமல் நகர்கிறது.

மூன்றாவது, தண்ணீர். பெண்ணின் சிறுநீர்ப் புறவழி ஏறத்தாழ 4 செ.மீ.; ஆணுக்கு அது 20 செ.மீ. அளவில் இருக்கும். பெண்ணுக்கு அதன் வாய் யோனிக்கும் ஆசனவாய்க்கும் அருகில் அமைந்திருப்பதால் குடலில் வாழும் கிருமிகள் சிறுநீர்ப்பையை எட்டுவதற்குத் தூரம் மிகக் குறைவு. அதை எதிர்க்க உடலிடமுள்ள எளிய ஆயுதம் ஓட்டம்: குடிக்கும் நீர் சிறுநீராகிக் கிருமிகளை அடித்துச் செல்ல வேண்டும். அமெரிக்கப் பள்ளி ஆசிரியைகளிடம் 1997இல் நடந்த ஓர் ஆய்வு இங்கே நுட்பமான ஒன்றைக் காட்டுகிறது. கழிப்பறைக்குப் போகாதிருப்பதற்காக வேலை நேரத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல 2.2 மடங்கு இருந்தது. ஆனால் குறைந்த தடவை போனார்கள் என்பதற்கும் தொற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அடக்குவதால்தான் எல்லாம் வருகிறது என்ற பொதுப்பேச்சை இது திருத்துகிறது. தாகத்தை அடக்குவதே பெரிய ஆபத்து என்கிறது. அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஆண்டில் சராசரி 1.7 முறையும் மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. ஆக, ஆலை வாசலில் குளிர்ந்த குடிநீர் இயந்திரம் வைத்தால் போதாது. குடித்த தண்ணீர் வெளியேற வழி இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு பெண் அதைக் குடிப்பாள்.

அந்த வழியை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். தொழிற்சாலை விதிகளின் வழக்கமான அளவு, 25 பெண்களுக்கு ஒரு கழிப்பிடம். சட்டப்படி ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி இடைவேளை. கன்வேயர் லைன் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் ஓடினால், அந்த 25 பேரும் அதே அரைமணிக்குள் வந்தாக வேண்டும். 30 நிமிடத்தை 25ஆல் வகுத்தால் ஆளுக்கு 72 விநாடி. மின்னணு ஆலை என்றால் தூசியும் நிலைமின்சாரமும் தவிர்க்கப் போட்ட கோட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். மாதவிலக்கு நாளென்றால் நாப்கின் மாற்றிக் கை கழுவ வேண்டும். சாப்பாடும் அதே அரைமணியில்தான். விதிப்புத்தகத்தின்படி அந்த ஆலை ஒரு குறையும் இல்லாதது. ஆனால் 72 விநாடிக் கணக்குத் தெரிந்த பெண் காலையிலேயே தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் விடுகிறாள். கழிப்பிடங்களை இரட்டிப்பதைவிட மலிவான தீர்வு ஒன்று உண்டு: லைனில் ஒருவர் எழுந்துபோனால் அவர் இடத்தில் உட்கார ஒரு ரிலீவர். அந்த ஓர் ஆள் இருந்தால் 25 பேரின் தேவை அரைமணிக்குள் நெருக்கியடிக்காமல் எட்டு மணி நேரத்துக்குப் பரவிவிடும். இது பொறியியல் கணக்கு; டார்கெட்டை நிமிடக் கணக்கில் போடத் தெரிந்த ஆலைக்கு இதைப் போடத் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஆண்களுக்கும் அதே கழிப்பறை விதி, அதே இடைவேளைதானே, பெண்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்கலாம். ஒரே விதி இரண்டு உடல்களின் மேல் இறங்கும்போது ஒரே விளைவைத் தருவதில்லை. 4 செ.மீ. வழிக்கும் 20 செ.மீ. வழிக்கும் ஒரே தாகம் ஒரே தண்டனை ஆகாது. ரிலீவர் வந்தால் ஆண்களும் பயன்பெறுவார்கள் என்பது இந்த யோசனைக்குக் குறையில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெண்ணின் உடலமைப்பை இப்படி விரித்துச் சொன்னால், அதையே காட்டி முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்க மறுக்க மாட்டார்களா? இந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. மாதவிலக்கு விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுப்பதே குறையக்கூடும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே கவலை தெரிவித்து, கொள்கை வகுக்கும் பொறுப்பை அரசிடம் விட்டது. அதற்கு முந்தைய மாதம், ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பது தவிர்க்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அச்சம் நியாயமானது, ஆனால் மௌனம் அதற்கு மருந்தாகாது. உடற்கூறு பேசப்படாத காலத்திலும் கருப்பையைக் காரணம் காட்டி விலக்குவது நடந்தே வந்திருக்கிறது. அந்த விலக்கலை உடைத்தது சான்றோடு நடந்த வாதம். அமெரிக்காவின் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்னும் பேட்டரி நிறுவனம், ஈயம் கருவைப் பாதிக்கும் என்று சொல்லிப் பிள்ளை பெறும் தகுதியுள்ள பெண்களை ஈயத்தோடு புழங்கும் வேலைகளிலிருந்து 1982இல் விலக்கியது. ஈயம் ஆணின் இனப்பெருக்கத்தையும் கெடுக்கும் என்ற சான்று வழக்கில் வந்தது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விலக்கல் சட்டவிரோதம் என்றது. பெண்கள் இரவு ஷிப்டில் வேலை செய்யக்கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றபோதும், வேலையை மறுப்பதற்குப் பதிலாகப் போக்குவரத்து, ஓய்வறை, மருத்துவ உதவி ஆகியவற்றை நிபந்தனையாக்கியது. இரண்டு தீர்ப்புகளின் திசையும் ஒன்றுதான்: ஆபத்து இடத்தில் இருந்தால் இடத்தைத் திருத்து, ஆளை வெளியேற்றாதே. இங்கே கேட்கப்படும் நாற்காலி, தண்ணீர், ரிலீவர் எல்லாம் இடத்தைத் திருத்துபவை. எந்தப் பெண்ணும் தன் மாதக்கணக்கையோ மணநிலையையோ யாரிடமும் சொல்லாமலே அவற்றைப் பெற முடியும்.

இடத்தைத் திருத்தாவிட்டால் உடல் திருத்தப்படும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு ஒரு நாள் வேலை தவறினால் அபராதம். 2019இல் அரசு அமைத்த குழு விசாரித்த 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள், ஆறில் ஒருவர். 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களிடையே இந்திய அளவு 3.2 விழுக்காடுதான். பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அந்தப் பை எதற்கு என்ற பேச்சு இதற்குத் துணை நின்றது. ஒண்டுக்குடித்தனத்தில் நடுவீட்டை இடித்தால் பக்கத்து வீடுகள் என்ன ஆகும் என்பதை இந்தப் பேச்சு கேட்கவில்லை. கருப்பைவாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி, சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்நாளம் கருப்பைத் தமனியின் அடியில் நுழைந்து போகிறது. பாலத்தடியில் ஓடும் வாய்க்கால் என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். கருப்பையை எடுக்கும்போது அந்தப் பாலத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். கை தவறினால் வாய்க்காலும் வெட்டுப்படும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் முப்பது வயதிலேயே ஹார்மோன் சுரப்பு நின்று எலும்பு தேயத் தொடங்கும். கருப்பைவாயை எடுத்தபின், மேலிருந்து பிடித்த திசுக்களுக்குப் பற்றுக்கோடு போய், யோனியின் மேற்பகுதி பின்னாளில் இறங்கவும் கூடும். தேவையுள்ளவர்களுக்கு உயிர் காக்கும் இந்த அறுவை, வேலை நாளைக் காப்பதற்கான கருவியானதுதான் கொடுமை. ஸ்ரீபெரும்புதூர் பீட் இல்லை. இரண்டையும் ஒன்றாக்குவது அநியாயம். ஆனால் 'மாதாமாதம் வரும் தொல்லையை நிறுத்திவிடு' என்ற தர்க்கத்தின் தொடக்கப்படி பெயரில்லாத மாத்திரை, கடைசிப்படி கத்தி.

கடைசியாக, இதெல்லாம் நாலு பேர் முன்னால் பேசக் கூசும் விஷயம், நம் பெண்களே பேச விரும்ப மாட்டார்கள் என்பார்கள். கூச்சம் உண்மை. ஆனால் தமிழ் அதற்குத் தடையாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற மருத்துவர் 1850களிலேயே உடற்கூற்றியலைத் தமிழ்ப் புத்தகமாக்கி, பின்னர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கருப்பையும் சினைப்பையும் இன்று பள்ளிப் பிள்ளைகளின் பாடத்தில் இருக்கின்றன. சொல் இருக்கிறது, அதைச் சொல்லும் இடம்தான் இல்லை. வேலையில் சேரும் முதல் நாள் பயிற்சியில் தீயணைப்பான் எங்கே, அவசரப் பொத்தான் எது என்று காட்டுகிறார்கள். அந்தப் பயிற்சியில் இருபது நிமிடம், ஒரு பெண் மருத்துவரோ செவிலியரோ, இடுப்புக்கூட்டின் படத்தை விரித்து, மூன்று குடித்தனங்களையும் காட்டி, எந்த வலி இயல்பு, எந்த வலிக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போக வேண்டும், மாத்திரை வாங்கும்போது பெயரைக் கேட்பது உரிமை என்பதைத் தமிழிலும், வெளிமாநிலப் பெண்களுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் சொன்னால் போதும். அதே படத்தை லைன் சூப்பர்வைசரும் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பெண் கையைத் தூக்கும்போது, எதற்கு என்று கேட்காமல் ரிலீவரை அனுப்ப அவருக்குத் தெரியும்.